குழலுக்குள்ளும் பாருங்கள்: அந்தமான் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

போர்ட் பிளேரில் தமிழ்ப் பயணிகளை அழைத்துச் சென்று இடம் காட்டும் நண்பர்களுக்கு,



தமிழ்நாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் 1857-ஐப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடமாகப் படித்து மறந்தவர்கள். செல்லுலார் சிறையின் முற்றத்தில் நின்று நீங்கள் சொல்லும்போதுதான் அது அவர்களுக்கு மனிதர்களின் கதையாகிறது. நீங்கள் சொல்லும் விதமே அவர்கள் மனத்தில் கடைசிவரை தங்கப்போகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதையின் போக்கு நமக்கெல்லாம் தெரியும். புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கி, பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியதாகச் சொல்லப்பட்ட தோட்டா, அதைப் பல்லால் கடிக்கச் சொன்ன உத்தரவு, மீரட்டில் மூண்ட கிளர்ச்சி, பிறகு நாடு கடத்தல். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கொழுப்பு என்ற சொல்லோடு துப்பாக்கி கதையிலிருந்து விடைபெற்றுப் போய்விடுகிறது. கேட்டவர்கள், ஏதோ மத உணர்வு புண்பட்டதால் நடந்த கலவரம் என்ற எண்ணத்தோடு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். அந்தத் துப்பாக்கி எப்படி உருவானது, 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அதை இந்தியர்களுக்காக எப்படி மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அந்தக் கதை தென்னிந்தியாவில் தொடங்கி, நீங்கள் நிற்கும் அதே சிறைக்குள் வந்து சேர்கிறது.

முதலில் குண்டு. கம்பெனிச் சிப்பாயின் பழைய பிரௌன் பெஸ் மஸ்கட்டுக்குக் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். விட்டம் முக்கால் அங்குலம். ஈயக் குண்டு அதைவிடச் சிறியது. சுடச் சுடக் குழலில் கரி படியும், அதையும் தாண்டிக் குண்டு சட்டென்று இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். அந்த இடைவெளி வழியே வெடிவாயு தப்பிவிடும். குண்டு குழலின் சுவரில் இடித்துக்கொண்டு வெளியேறும். 100 கெஜத்தைத் தாண்டினால் அது எங்கே போய் விழும் என்று சுட்டவனுக்கே தெரியாது. குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்றபடி நேராகப் போகும் என்பது ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்தான். அதுவே ரைஃபிள். ஆனால் பள்ளத்தைக் கவ்வ வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டைக் குழலின் வாய்வழியே இடித்து இறக்குவதற்குள் எதிரி வந்துவிடுவான். இறங்கும்போது தளர்வாகவும் வெடிக்கும்போது இறுக்கமாகவும் இருக்கிற ஒரு குண்டு வேண்டும். இதற்காக ஐரோப்பியப் படைகள் அரை நூற்றாண்டு மண்டையை உடைத்துக்கொண்டன. பிரான்சில் டெல்வின்யே என்ற அதிகாரி மருந்தறையின் விளிம்பில் குண்டைத் தாங்கவைத்துக் கம்பியால் நசுக்கிப் பார்த்தார். தூவெனன் என்பவர் குழலின் அடியில் ஓர் எஃகுத் தண்டையே நட்டு, அதன் தலைமேல் குண்டை அடித்து விரியவைத்தார். இரண்டும் வேலை செய்தன, ஆனால் குண்டு உருக்குலைந்தது, துப்பாக்கியைச் சுத்தம் செய்வதும் பெரும்பாடானது.

தப்பாத விடை தென்னிந்தியாவில் கண்ணில் பட்டது. 34-வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் நார்ட்டன் அங்கே பணியில் இருந்தபோது, உள்ளூர் மக்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். அம்பின் பின்முனையில் தாமரைத் தண்டின் நெட்டி கட்டியிருந்தது. ஊதியதும் அந்த மெத்தென்ற நெட்டி விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஊதிய மூச்சில் துளியும் வீணாகாது. நார்ட்டன் 1823-ல் அதே தத்துவத்தில் ஒரு ஈயக் குண்டு செய்தார். உருண்டையாக இல்லாமல் நீண்டு கூம்பிய வடிவம், அடிப்பாகத்தில் குடைவு. மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குடைவுக்குள் புகுந்து ஈயத்தை வெளிப்பக்கம் தள்ளும். ஈயம் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். இங்கிலாந்தின் ஆயுத வாரியம் அதை ஏற்கவில்லை. 1836-ல் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கிக்காரர் அடிக்குடைவில் ஒரு கட்டை ஆப்பைப் பொருத்தி அதே எண்ணத்தை மேம்படுத்தினார். அதையும் வாரியம் தள்ளிவிட்டது. 1849-ல் பிரெஞ்சு அதிகாரி மினியே ஆப்புக்குப் பதிலாக ஒரு இரும்புக் கிண்ணம் வைத்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. மினியேவுக்கு ஆங்கில அரசு 20,000 பவுன் கொடுத்தது. முதலில் சொன்னவர் என்று ஒப்புக்கொண்டு கிரீனருக்கு 1,000 பவுன் கொடுத்தது. அது நடந்த ஆண்டு 1857. நெட்டியைக் கட்டி ஊதிய மக்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆனால் ஐரோப்பியப் போர்க்களங்களையே மாற்றிய ஒரு குண்டின் மூலம் அவர்கள் கையில் இருந்தது. தமிழ்ப் பயணிகளிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

விரியும் குண்டை நம்பி 1853-ல் வடிவமைத்த துப்பாக்கிதான் என்ஃபீல்டு. குழலின் விட்டம் 0.577 அங்குலம், நீளம் 39 அங்குலம், உள்ளே மூன்று சுருள் பள்ளங்கள். குறிபார்க்கும் பலகையில் 900 கெஜத்துக்கு அளவு போட்டிருந்தது. தோட்டா என்றால் இன்று நாம் காணும் பித்தளைத் தோட்டா இல்லை, காகிதம். தடித்த காகிதத்தைச் சுருட்டி மருந்தை அடைத்து, மறுபக்கம் குண்டைக் கவிழ்த்து வைத்து, மேலே இன்னொரு காகிதம் சுற்றி முனையை முறுக்கியிருப்பார்கள். மருந்துப் பக்கத்து முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, குண்டை அதைச் சுற்றிய காகிதத்தோடு குழலின் வாயில் செருக வேண்டும். எஞ்சிய காகிதத்தை ஒடித்து எறிந்துவிட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். குண்டைச் சுற்றிய காகிதத்தில்தான் கொழுப்பு; அது வழுக்கிக்கொண்டு இறங்கவும் கரியை இளக்கவும். கடிக்கும் முனை ஒன்று, கொழுப்புத் தடவிய முனை இன்னொன்று. இதைச் சொல்லி, சிப்பாய்கள் வீணாகப் பயந்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வடஇந்திய வெயிலில் ஒரே பையில் நெருக்கி அடுக்கிய தோட்டாக்களில், கொழுப்பு எந்த முனையோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? எந்த மிருகத்தின் கொழுப்பு என்று கேட்டவர்களுக்கு நேரான பதிலும் வரவில்லை. 1857 ஜனவரியில் டம்டம்மில் தொடங்கிய முணுமுணுப்பு மார்ச் 29-ல் பராக்பூரில் மங்கள் பாண்டேயின் துப்பாக்கியில் வெடித்தது. மே 10-ல் மீரட் எழுந்தது.

அடுத்த ஆண்டு மார்ச் 10-ம் தேதி, டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். அதிலிருந்து உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1859 மே மாதத்து அபர்தீன் போரும் தெரியும். காட்டைத் திருத்திக்கொண்டே வந்த குடியிருப்பை எதிர்த்து அந்தமான் பழங்குடிகள் வில்லோடு வந்தார்கள். அவர்களோடு வாழ்ந்து திரும்பிய கைதி தூத்நாத் திவாரி முன்கூட்டியே தகவல் கொடுத்ததால் கப்பற்படையின் துப்பாக்கிகளும் கப்பலின் பீரங்கியும் காத்திருந்தன. உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்த இரும்பைத் தட்டித் தேய்த்து அம்பு முனை செய்த மக்கள் அவர்கள். நினைவுத் தூணின் முன்னால் நிற்கும்போது அதையும் ஒரு வரி சொல்லுங்கள்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்புகிற பகுதிக்கு வருகிறேன்.

இந்தத் தீவில் கைதிகள் காட்டை வெட்டிக்கொண்டிருந்த அதே 1858-ல், இங்கிலாந்தில் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே ஒரு புதிய துப்பாக்கிக்கு மாதிரி வகுத்தார்கள். வெளியே பார்த்தால் என்ஃபீல்டேதான். அதே நீளம், அதே கட்டை, அதே பூட்டு, குழலைக் கட்டையோடு பிணைக்கும் அதே மூன்று பட்டைகள். தோளில் சாய்த்து அணிவகுத்தால் வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் இதற்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. குழலின் வாயில் விரலை விட்டால்தான் தெரியும். சுருள் பள்ளம் இல்லை. 0.577 அங்குலமாக இருக்க வேண்டிய துளையை 0.656 அங்குலத்துக்கு வழவழவென்று குடைந்திருந்தார்கள். 900 கெஜத்துக்கு நிமிர்த்தி இறக்கும் குறிப்பலகை போய், அசையாத ஒரு சிறு துண்டு வந்திருந்தது. முப்பது ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டுபிடித்த எல்லாவற்றையும் வேண்டுமென்றே அழித்து, பிரௌன் பெஸ் காலத்துக்கே திருப்பிக் கொண்டுபோன துப்பாக்கி அது. ஒரே வெளித்தோற்றத்துக்குள் இவ்வளவு அகலமாகக் குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்துபோனது. அடுத்த ஆண்டே தடித்த சுவரோடு இன்னொரு மாதிரி போட வேண்டியிருந்தது.

துப்பாக்கி வடிவமைப்பின் வரலாற்றில் வினோதமான சோதனைகளுக்குப் பஞ்சமில்லை. விட்வொர்த் அறுகோணத் துளை போட்டார். லாங்கஸ்டர், பள்ளமே தெரியாத முட்டை வடிவத் துளையைச் சுருளாக ஓடவிட்டார். அவர்களெல்லாம் இன்னும் தூரம், இன்னும் துல்லியம் என்று தேடினார்கள். குறைவாகச் சுட வேண்டும் என்ற நோக்கத்தோடு தேர்ந்த கைவினைஞர்கள் உட்கார்ந்து வடிவமைத்த துப்பாக்கியை எனக்கு வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியவில்லை. அந்தச் சுத்தமான துளையில் ஓர் அரசின் அச்சம் அங்குலக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பீரங்கிப் படையும் அப்படித்தான். சில மலைப் பீரங்கிப் படைகளைத் தவிர மற்றவை இந்தியர் கையிலிருந்து பறிபோயின. 1857-ல் பெரும்பாலும் கிளர்ச்சியில் சேராத மதராஸ் படைக்கும் என்ஃபீல்டின் முழு வீச்சு கிடைக்கவில்லை.

வேறு வழியே இருக்கவில்லையா என்று யாராவது கேட்டால் ஜான் ஜேக்கப்பின் பெயரைச் சொல்லுங்கள். சிந்து எல்லையில் குதிரைப்படை நடத்திய இந்த ஆங்கிலேயர் தன் சொந்தச் செலவிலும் உழைப்பிலும் ஆண்டுக்கணக்காகச் சோதித்து ஓர் இரட்டைக்குழல் ரைஃபிள் உண்டாக்கினார். ஒவ்வொரு குழலிலும் நான்கு ஆழமான பள்ளங்கள், அவற்றில் பொருந்தும் நான்கு விளிம்புகள் வைத்த நீண்ட குண்டு. குண்டின் மூக்கில் வெடிமருந்து அடைத்து, தூரத்தில் வைத்த மருந்துப் பெட்டிகளை வெடிக்கவைத்துக் காட்டினார். குறிப்பலகையில் 2,000 கெஜத்துக்கு அளவு போட்டிருந்தார். மிகையான, அவ்வளவாக நடைமுறைக்கு ஒவ்வாத ஆயுதம் என்று அதை இன்று சொல்லலாம். ஆனால் அது யாருக்காக? இந்திய வீரர்களைக் கொண்டு அவர் எழுப்பிய ஜேக்கப் ரைஃபிள்ஸ் படைக்காக. அதுவும் 1858-ல். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். ஒரு பக்கம் இந்தியர் கையில் உலகின் நெடுந்தூர ரைஃபிளைக் கொடுக்க நினைத்தவர். இன்னொரு பக்கம் பள்ளங்களைச் சுரண்டி எறிந்தவர்கள். இரண்டாவது கட்சிதான் வென்றது.

வழவழப்புத் துளை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் பிந்தியே இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு நீடித்தது. வெள்ளைப் படைக்குப் பின்புறம் திறந்து தோட்டா போடும் மார்ட்டினி-ஹென்றி வந்தபோது, பழைய என்ஃபீல்டை வெட்டி ஒட்டிய ஸ்னைடர் இந்தியப் படைக்கு வந்தது. அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்குப் போனபோது மார்ட்டினி-ஹென்றி நம்மவர் கைக்கு இறங்கியது. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்.

படைக்கே இப்படி என்றால் போலீசுக்கும் சிறைக்காவலுக்கும் எப்படி இருந்திருக்கும்? பராக்பூருக்குப் பக்கத்திலேயே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. மங்கள் பாண்டே நின்ற மைதானத்திலிருந்து சில கிலோமீட்டர். அங்கே, பத்துத் தோட்டா கொள்ளும் .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களை எடுத்துப் பள்ளங்களைக் குடைந்து நீக்கி, .410 அங்குல வழவழப்புத் துளையாக்கினார்கள். தோட்டாப் பெட்டியின் இடத்தில் ஒரு மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தோட்டா போட வேண்டும், சுட வேண்டும், மறுபடி ஒன்று போட வேண்டும். இதற்கென்று செய்த தோட்டா, படையின் .303 ரைஃபிளில் நுழையாது. கிளர்ச்சிக்காரர்கள் கொள்ளையடித்தாலும் வேறு துப்பாக்கிக்கு உதவாது. அந்த மரக்கட்டையை நினைத்துப் பாருங்கள். பத்துக் குண்டுக்காக மிகத் திறமையாகச் செய்த ஓர் இயந்திரத்தின் வயிற்றில், ஒன்பது குண்டு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு துண்டு மரம்.

எகிப்திலும் இதே சிந்தனை. அங்கே போலீசுக்கென்று துப்பாக்கி செய்து கொடுத்தது கிரீனர் நிறுவனம். 1836-ல் கட்டை ஆப்புக் குண்டு செய்த அந்த வில்லியம் கிரீனரின் மகன் பெயரில் நடந்த நிறுவனம்தான். சந்தையில் கிடைக்கும் தோட்டா பொருந்தாதபடி துளையை வைத்தார்கள். யாரோ புத்திசாலிகள் 16 போர் (bore) அளவுத் தோட்டாவில் காகிதம் சுற்றிப் போட்டுச் சுட்டுவிட்டார்கள். உடனே அடுத்த மாதிரியில் தோட்டாவின் வடிவத்தையே புட்டி போலக் குறுக்கி, அடிக்கும் ஊசியை மூன்று முள்ளாக மாற்றினார்கள். வேறு எந்தத் தோட்டாவும் அதில் வெடிக்காது. தந்தை, குண்டு வாயுவைத் தப்பவிடக் கூடாது என்று உழைத்தார். அவர் குடும்பத்து நிறுவனம் அடுத்த நூற்றாண்டில், துப்பாக்கி ஆட்சியின் கையை விட்டுத் தப்பக் கூடாது என்று உழைத்தது.

இப்போது செல்லுலார் சிறைக்கு வரலாம். 1930 ஏப்ரல் 18 இரவு, சூர்யா சென்னின் தலைமையில் சிட்டகாங் இளைஞர்கள் இரண்டு ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்றினார்கள். துணைப்படையின் கிடங்கில் நல்ல ரைஃபிள்களும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன. ஆனால் அவற்றுக்கான தோட்டா அவர்களுக்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பிரித்து வைப்பதும் அதே அச்சத்தின் ஏற்பாடுதான். எஞ்சியது போலீஸ் கிடங்கில் கிடைத்த மஸ்கட்டுகள். ஏப்ரல் 22-ல் ஜலாலாபாத் குன்றின்மேல் அவர்கள் அந்த மஸ்கட்டுகளை வைத்துக்கொண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்த படையை எதிர்கொண்டார்கள். 12 பேர் அங்கேயே மடிந்தார்கள். பலர் இன்னும் மீசை அரும்பாத பையன்கள். பின்னர் சிறைப்பட்ட கணேஷ் கோஷ், அனந்த சிங், லோகநாத் பால் ஆகியோர் 1932-ல் இந்தச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் பையன்கள் தைரியத்தில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கைக்கு எந்த ஆயுதம் எட்ட வேண்டும், எது எட்டக் கூடாது என்பதை அவர்கள் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே லண்டனிலும் கல்கத்தாவிலும் தீர்மானித்து வைத்திருந்தார்கள். ஜலாலாபாத் குன்றில் அவர்கள் எதிர்த்து நின்றது எதிரே வந்த படையை மட்டுமில்லை.

நண்பர்களே, உங்கள் நேரம் எனக்குத் தெரியும். படகு பிடிக்க வேண்டும், ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், குழந்தைகள் வெயிலில் சுணங்கும். முழுக்கதையும் எல்லாரிடமும் சொல்ல முடியாது. மூன்று இடங்களை மட்டும் கேட்கிறேன். சாத்தம் தீவுப் பக்கம் வண்டி நிற்கும்போது ஒரு வெள்ளைத்தாளைச் சுருட்டிக் காட்டித் தோட்டா எப்படி இருந்தது, எங்கே கடித்தார்கள், எங்கே கொழுப்பு என்று விளக்குங்கள். பிள்ளைகள் பிறகு மறக்க மாட்டார்கள். அபர்தீன் தூணருகே ஊதுகுழலையும் நெட்டியையும் சொல்லுங்கள்; தென்னிந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன அந்த எண்ணம், ரைஃபிளாகத் திரும்பி வந்ததைச் சொல்லுங்கள். சிறையின் நடுக்கோபுரத்தில் பளிங்கில் பெயர்கள் பொறித்த இடத்தில் வங்காளப் பட்டியல் முன்னால் நின்று கணேஷ் கோஷின் பெயரைக் காட்டி, மரக்கட்டை அடைத்த ரைஃபிளைப் பற்றியும் பள்ளம் சுரண்டிய என்ஃபீல்டைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

இவற்றின் படங்களோடு, அளவுகளோடு, எளிய தமிழில் ஒரு சிறு கையேடு தயார் செய்துகொண்டிருக்கிறேன். பெயர்ப்பட்டியலில் சிட்டகாங் வழக்கைச் சேர்ந்த மற்றவர்கள் யார், எந்தப் பலகையில் இருக்கிறார்கள் என்று தினமும் அதைப் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும். குறித்து அனுப்பினால் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன். அடுத்த பயணப் பருவம் தொடங்குவதற்குள் உங்கள் எல்லாருக்கும் அது வந்து சேரும்.

அன்புடன்,
உங்கள் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு பயணி